மென்படலங்களின் ஒளியொளிர்வை அளக்க எந்த அலைநீளத்தில் கிளர்வூட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைகடத்தி மென்படலத்தின் மீது லேசரைப் பாய்ச்சி, படலம் திருப்பி உமிழும் ஒளியின் நிறமாலையைப் பதிவு செய்வதுதான் ஒளியொளிர்வு அளவீடு. ஆய்வகப் பேச்சில் இது பி.எல். என்றே வழங்குகிறது. அளவீடு எளியது. ஆனால் எந்த அலைநீளத்தில் கிளர்வூட்டுவது என்பதைப் பெரும்பாலும் மேசையில் ஏற்கெனவே இருக்கும் லேசரே முடிவு செய்துவிடுகிறது. கிடைத்த நிறமாலைக்குப் பொருள் தேடும் வேலை பிறகு தொடங்குகிறது. ஆய்வு மாணவர்கள் இதைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

லேசரின் ஃபோட்டான் ஆற்றல் பட்டை இடைவெளியைவிட அதிகமாக இருந்தால் போதாதா?

அது முதல் நிபந்தனை மட்டுமே. (கட்டுண்ட எலக்ட்ரான் குறைகடத்தியில் நகரும் நிலைக்கு ஏறத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலே பட்டை இடைவெளி.) 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். இந்தக் கணக்குப்படி 325 நானோமீட்டர் லேசருக்கு 3.81, 405-க்கு 3.06, 532-க்கு 2.33, 633-க்கு 1.96, 785-க்கு 1.58 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் பட்டை இடைவெளி காலியம் நைட்ரைடுக்குச் சுமார் 3.4, துத்தநாக ஆக்சைடுக்குச் சுமார் 3.3, கேட்மியம் சல்பைடுக்கு 2.4, மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டுக்கு 1.6, கேட்மியம் டெல்லூரைடுக்கு 1.5, காலியம் ஆர்சனைடுக்கு 1.42. இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே, பல ஆய்வகங்களில் எதற்கும் எடுத்துப் பயன்படுத்தப்படும் 532 பச்சை லேசர் கேட்மியம் சல்பைடுக்குக்கூட எட்டாது என்பது தெரிந்துவிடும்.

எட்டினால் மட்டும் போதாது, சற்றுத் தள்ளியும் இருக்க வேண்டும். காலியம் நைட்ரைடுக்கு 355 நானோமீட்டர் லேசரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை வெப்பநிலையைக் குறைக்கும்போதுதான் உணர்கிறார்கள். அந்த லேசரின் ஆற்றல் 3.49 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் இடைவெளி 3.4 என்பதால் அளவீடு எப்படியோ நடந்துவிடும். படலத்தை 10 கெல்வினுக்குக் குளிர்வித்தால் இடைவெளி 3.50-க்கு உயர்கிறது, எக்சிட்டான் (எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் பிணைந்த இணை) வரிகள் 3.47 முதல் 3.49 வரையுள்ள பகுதியில், சபையர் அடித்தளம் தரும் அழுத்தத்தைப் பொறுத்து, லேசர் வரியின் தோளிலேயே வந்து அமர்கின்றன. லேசரை வெட்டும் வடிகட்டி, பார்க்க வேண்டிய வரியையும் சேர்த்தே வெட்டிவிடும். குறைந்த வெப்பநிலையில் அளக்கப் போகிறோம் என்றால், குறைந்த வெப்பநிலையின் இடைவெளியை வைத்தே லேசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உமிழ்வுக்கும் லேசருக்கும் இடையே 0.2 அல்லது 0.3 எலக்ட்ரான் வோல்ட் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

கிளர்வூட்டும் அலைநீளத்தை மாற்றினால் ஒளிர்வின் நிறம் மாறுமா?

ஒரே சீரான படலத்தில் பொதுவாக மாறாது. அதிக ஆற்றலுடன் உருவாகும் எலக்ட்ரானும் துளையும் தம் உபரி ஆற்றலை ஃபோனான்களிடம், அதாவது படிகத்தின் அதிர்வுகளிடம், இழந்து, பிகோநொடி அளவிலான நேரத்தில் பட்டை விளிம்புக்கு இறங்கிவிடுகின்றன. அவை இணைந்து ஒளிர்வதற்கு நானோநொடிகள் ஆகும். ஆகவே ஒளிர்வு நிகழும் நேரத்தில், தன்னை மேலே ஏற்றியது 325-ஆ, 266-ஆ என்ற நினைவு எலக்ட்ரானிடம் இருப்பதில்லை. உமிழும் ஒளி கிளர்வூட்டும் ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் இருக்கும் என்று ஸ்டோக்ஸ் 1852-இல் எழுதியதன் அடிப்படையும் இதுவே. ஆற்றல் வேறுபாடு வெப்பமாகப் படலத்தில் தங்கிவிடுகிறது.

அப்படியானால் அலைநீளம் எதை மாற்றுகிறது? எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எத்தனை மின்னூட்டத் துகள்கள் (எலக்ட்ரான்களும் துளைகளும்) உருவாகின்றன என்பதை. தேர்வின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே இருக்கிறது. ஆற்றலைக் கணக்கிட ஒரு நிமிடம் போதும். யோசிக்க வேண்டியது ஆழத்தைப் பற்றித்தான். அலைநீளத்தை மாற்றியதும் நிறமாலையின் வடிவம் மாறினால், படலம் ஆழத்தில் சீராக இல்லை, அல்லது வேறு அடுக்கொன்று ஒளிர்கிறது, அல்லது கிளர்வின் அடர்த்தி மாறிவிட்டது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

லேசர் ஒளி படலத்துக்குள் எவ்வளவு ஆழம் செல்லும்?

உட்கவர் குணகத்தின் தலைகீழ் மதிப்பே ஊடுருவு ஆழம். அந்த ஆழத்தில் ஒளியின் செறிவு சுமார் 37 விழுக்காடாகக் குறைந்திருக்கும். அலைநீளத்தைப் பொறுத்து இது எவ்வளவு மாறக்கூடும் என்பதைச் சிலிக்கனில் தெளிவாகக் காணலாம்: 355 நானோமீட்டரில் ஊடுருவு ஆழம் ஏறத்தாழ 10 நானோமீட்டர், 405-இல் நூறு நானோமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, 532-இல் ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்று மேல், 785-இல் சுமார் 10 மைக்ரோமீட்டர். ஒரே பொருளில், வழக்கமாகக் கிடைக்கும் நான்கு லேசர்களுக்குள்ளேயே ஆயிரம் மடங்கு வேறுபாடு. நேரடி இடைவெளி கொண்ட பொருள்களில் விளிம்பைத் தாண்டியதுமே உட்கவர்தல் வலுவாகிவிடுவதால் இவ்வளவு வேறுபாடு இராது: காலியம் ஆர்சனைடில் 532 நானோமீட்டர் ஒளி நூறு நானோமீட்டரைச் சற்றுத் தாண்டி அடங்கிவிடும், காலியம் நைட்ரைடில் 325 நானோமீட்டர் ஒளி நூறு நானோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த எண்ணைப் படலத்தின் தடிமனுடன் ஒப்பிட வேண்டும். படலம் ஊடுருவு ஆழத்தைப்போல் மூன்று மடங்கு தடிமனாக இருந்தால், அடித்தளத்தை எட்டும் ஒளி ஐந்து விழுக்காடு மட்டுமே. படலம் அதைவிட மெல்லியதாக இருந்தால் அடித்தளமும் அளவீட்டில் பங்கேற்கிறது. அப்போது லேசர் ஒளி அடி விளிம்பில் எதிரொளித்துத் திரும்பி, படலத்துக்குள் குறுக்கீட்டு விளைவையும் உண்டாக்கும். ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு போன்றவற்றில் ஊடுருவு ஆழம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே, அடியிலுள்ள சிலிக்கன் டைஆக்சைடின் தடிமன்தான் லேசர் புலம் அந்த அடுக்கில் வலுக்கிறதா, நலிகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ஒளிர்வும் அந்த ஆழத்திலிருந்துதான் வருகிறதா?

இல்லை. ‘405-இல் மேற்பரப்பை அளந்தேன், 785-இல் உட்பகுதியை அளந்தேன்’ என்று எழுதுமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. மின்னூட்டத் துகள்கள் உருவான இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. வாழ்நாள் முடியும்வரை பரவுகின்றன. விரவல் குணகம் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர், வாழ்நாள் 10 நானோநொடி என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காணும்போது விரவல் நீளம் ஒரு மைக்ரோமீட்டர் வருகிறது. 500 நானோமீட்டர் படலத்தில், மேல் 50 நானோமீட்டரில் உருவாக்கிய துகள்கள் அடிவரை சென்று சேர இது தாராளமாகப் போதும். தரமான படலத்தில் இரண்டு அலைநீளங்களும் ஒரே நிறமாலையைத் தருவதற்கு இதுவே காரணம். அளவீடு பிழையாகிவிட்டது என்று பொருளில்லை.

தரம் குறைந்த, வாழ்நாள் குறுகிய, சிறு படிக மணிகளால் ஆன படலங்களில் மின்னூட்டத் துகள்கள் அதிக தூரம் போவதில்லை. அங்கே ஆழப் பிரிப்பு உண்மையாகவே கிடைக்கும். மேற்பரப்பில் மீளிணைவு (எலக்ட்ரானும் துளையும் ஒளிராமலே இணைந்து மறைவது) வலுவாக இருந்தாலும் அலைநீளத்தின் விளைவு நன்றாகத் தெரியும்: குறுகிய அலைநீளத்தில் ஒளிர்வின் நிறம் மாறாது, ஆனால் செறிவு விழுந்துவிடும். மேற்பரப்பைப் பூசியோ வேதிமுறையில் செயலிழக்கச் செய்தோ மீண்டும் அளந்து, குறுகிய அலைநீளத்தில் கிடைக்கும் செறிவு மட்டும் பெருமளவு கூடினால், பழுது மேற்பரப்பில்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இரண்டு அலைநீளங்களில் அளப்பதன் பயன் இப்படிப்பட்ட ஒப்பீட்டில்தான் முழுமையாகக் கிடைக்கிறது.

அடித்தளம் ஒளிர்ந்தால் என்ன செய்வது?

முதலில், படலமே இல்லாத வெற்று அடித்தளத்தை அதே லேசரில், அதே திறனில், அதே வடிகட்டியுடன் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலையான இதைச் செய்யாததால் குழம்பிய நிறமாலைகள் ஏராளம்.

சபையர் அடித்தளத்தில் மிகச் சிறிதளவு குரோமியம் இருந்தாலும் 692.9, 694.3 நானோமீட்டரில் இரட்டைக் கூர்வரிகள் எழும். மாணிக்கக் கல்லின் சிவப்பு ஒளிர்வு இதுதான். குரோமியத்தின் உட்கவர் பட்டைகள் 410, 555 நானோமீட்டர் அருகே இருப்பதால், 405, 532 ஆகிய இரண்டு பிரபலமான லேசர்களும் அதை நன்றாகக் கிளர்வூட்டிவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவில் அகன்ற ஒளிர்வைத் தரும்; தூய்மையான உருக்கிய சிலிக்கா மேலானது, ஆனால் அதிலுள்ள குறைபாடுகளும் 650 நானோமீட்டர் அருகே சிவப்பில் ஒளிரக்கூடும். வழி இரண்டு: படலத்திலேயே முழுதாக அடங்கிவிடும் அளவுக்கு அலைநீளத்தைக் குறைப்பது, அல்லது அடித்தளம் உட்கவராத அளவுக்குக் கூட்டுவது. படலம் நூறு நானோமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தால் முதல் வழி பெரும்பாலும் கைகொடுக்காது.

பல அடுக்குகள் கொண்ட மாதிரியில் ஒரே ஓர் அடுக்கை மட்டும் கிளர்வூட்ட முடியுமா?

முடியும், அலைநீளத் தேர்வு தன் முழு வலிமையையும் காட்டுவது இங்கேதான். இண்டியம் காலியம் நைட்ரைடு குவாண்டம் கிணறுகளும் (துகள்களைச் சிறைப்படுத்தும் மிக மெல்லிய அடுக்குகள்) அவற்றைச் சூழ்ந்த காலியம் நைட்ரைடுத் தடுப்புகளும் கொண்ட, நீல ஒளி உமிழும் மாதிரியை எடுத்துக்கொள்வோம். 325 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் துகள்கள் பெரும்பாலும் தடுப்பிலும் மேல் அடுக்கிலும் உருவாகிப் பிறகு கிணற்றுக்குள் விழுகின்றன. ஒளிர்வு குறைந்தால், கிணறு பழுதா, துகள்கள் கிணற்றை வந்தடையும் முன்பே இழக்கப்படுகின்றனவா என்று பிரித்தறிய வழியில்லை. 405 நானோமீட்டருக்கு மாறினால் 3.06 எலக்ட்ரான் வோல்ட் தடுப்பில் உட்கவரப்படாது. துகள்கள் கிணற்றுக்குள்ளேயே பிறக்கின்றன. கிணற்றின் உள்ளார்ந்த ஒளிர்வுத் திறனைப் பற்றிப் பேச விரும்புவோர் இப்படித்தான் அளக்க வேண்டும். கிணறுகள் சில நானோமீட்டரே தடிமன் கொண்டவை என்பதால் உட்கவரப்படும் ஒளி குறைவாக இருக்கும். லேசரின் திறனைக் கூட்டி ஈடுகட்டலாம்.

கேட்மியம் சல்பைடு, கேட்மியம் டெல்லூரைடு சூரிய மின்கலத்தைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து அளக்கும்போதும் இதே தந்திரம் உதவுகிறது. 405 நானோமீட்டர் ஒளியின் பெரும்பகுதியைக் கேட்மியம் சல்பைடு வாங்கிக்கொள்ளும். 532 நானோமீட்டர் ஒளியோ அதை ஏறக்குறையத் தடையின்றிக் கடந்து, இரண்டு அடுக்குகளும் சேரும் சந்தியை ஒட்டிய டெல்லூரைடுப் பகுதியில் உட்கவரப்படும். 825 நானோமீட்டர் அருகே தெரியும் ஒளிர்வு அந்தப் பகுதியைப் பற்றிப் பேசும். முதல் விடையில் குறையாகச் சொன்ன ‘எட்டாத’ தன்மை இங்கே நன்மையாக மாறிவிடுகிறது.

இரண்டு அலைநீளங்களில் எடுத்த செறிவுகளை எப்படி ஒப்பிடுவது?

மில்லிவாட்டை மட்டும் சமமாக வைத்து ஒப்பிடக் கூடாது. 1 மில்லிவாட் 325 நானோமீட்டர் லேசர் நொடிக்குச் சுமார் 1.6 × 10¹⁵ ஃபோட்டான்களைத் தருகிறது. அதே திறனில் 532 நானோமீட்டர் லேசர் சுமார் 2.7 × 10¹⁵ ஃபோட்டான்களைத் தருகிறது. இதற்கு மேல், அந்த அலைநீளத்தில் மேற்பரப்பு எதிரொளிக்கும் பங்கைக் கழித்து, உட்கவரப்பட்ட ஃபோட்டான்களைச் சமப்படுத்த வேண்டும். ஒளிப்புள்ளியின் விட்டமோ இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்: 1 மில்லிவாட்டை 100 மைக்ரோமீட்டர் விட்டத்தில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 13 வாட், நுண்ணோக்கி வழியாக ஒரு மைக்ரோமீட்டருக்குக் குவித்தால் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. நுண்ணோக்கிப் பி.எல். அளவீட்டையும் சாதாரண லென்ஸ் அமைப்பின் அளவீட்டையும் ஒரே வரைபடத்தில் போடுபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

துத்தநாக ஆக்சைடு படலங்களில் இது ஒரு தொடர் சிக்கல். 380 நானோமீட்டர் அருகே உள்ள விளிம்பு ஒளிர்வுக்கும் 500 முதல் 550 வரை பரவும் பச்சை ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தைப் படலத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. குறைபாட்டு ஒளிர்வு கிளர்வின் அடர்த்தி கூடும்போது நிறைவுற்றுவிடும். விளிம்பு ஒளிர்வு தொடர்ந்து ஏறும். ஆகவே அதே படலம், தொடர்ச்சியான 325 லேசரில் ஒரு விகிதத்தையும் துடிப்புள்ள 266 லேசரில் மிக உயர்ந்த விகிதத்தையும் தரும். அலைநீளம், திறனடர்த்தி, லேசரின் துடிப்பு ஆகிய மூன்றும் ஒன்றாக இல்லாதபோது இந்த விகிதங்களை அட்டவணையில் ஒப்பிடுவது பயனற்றது என்பதே என் கருத்து.

எதிர்பாராத இடத்தில் ஒரு கூர்வரி தெரிகிறது. அது மாதிரியிலிருந்து வருகிறதா?

பெரும்பாலும் இல்லை. நிறமாலைமானியில் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி இரண்டாம் வரிசையிலும் ஒளியை விலக்குவதால், 325 நானோமீட்டர் லேசரின் சிதறல் 650-இலும், 355-இன் சிதறல் 710-இலும், 405-இன் சிதறல் 810-இலும் தோன்றும். துத்தநாக ஆக்சைடின் 380 நானோமீட்டர் ஒளிர்வும் 760-இல் அகன்ற போலி மேடாகத் தோன்றி, ஆழ்ந்த குறைபாட்டின் சான்றாக விளக்கப்படும் அபாயம் உண்டு. உரிய நீளலை வடிகட்டியை நிறமாலைமானியின் வாயிலில் வைத்தால் போலி மறைந்துவிடும். வாயு லேசர்களின் மின்னிறக்க வரிகளை, லேசர் வரியை மட்டும் கடத்தும் குறுகிய பட்டை வடிகட்டி நீக்கும்.

இராமன் வரிகளை (படிக அதிர்வுகளால் ஆற்றல் மாறிச் சிதறும் லேசர் ஒளி) கண்டறிய இரண்டாவது அலைநீளம் ஒன்றே போதும். சிலிக்கன் அடித்தளத்தின் இராமன் பெயர்ச்சி சென்டிமீட்டருக்கு 520 அலையெண். அந்த வரி 532 நானோமீட்டர் லேசரில் 547-இல் விழும், 514.5 நானோமீட்டர் லேசரில் 528.6-இல் விழும். லேசரோடு சேர்ந்து நகர்ந்தால் அது சிதறல். நகராமல் நின்றால் ஒளிர்வு. 325-இல் கிளர்வூட்டிய துத்தநாக ஆக்சைடில் 331, 338 நானோமீட்டர் அருகே எழும் வரிசையான கூர்வரிகளும் ஒத்திசைவு இராமன் வரிகளே.

குறுகிய அலைநீளம் படலத்தைச் சிதைக்குமா?

சிதைக்கக்கூடும். உபரி ஆற்றல் அதிகம். அது அடங்கும் அடுக்கும் மெல்லியது. கரிமப் பகுதி கொண்ட பெரோவ்ஸ்கைட் படலங்களைப் புற ஊதாவில் அளக்க நான் பரிந்துரைக்க மாட்டேன், 1.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிக்கு 3.8 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் தேவையே இல்லை. அயோடைடும் புரோமைடும் கலந்த பெரோவ்ஸ்கைட்டுகளில் ஒளியே கலவையைப் பிரித்துவிடுகிறது என்பதும், 1.68 எலக்ட்ரான் வோல்ட் அருகே புதிய ஒளிர்வு வளர்கிறது என்பதும் 2015 முதல் அறியப்பட்டவை. இது அலைநீளத்தைத் திருத்தினால் மட்டும் தீராது. திறனைக் குறைத்து, முதல் நொடியிலிருந்தே நிறமாலையைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். ஒரே புள்ளியில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்த இரண்டு நிறமாலைகள் பொருந்தாவிட்டால் மூன்றாவதை எடுக்காதீர்கள்.

ஆய்வகத்துக்கு ஒன்றிரண்டு லேசர்கள்தான் வாங்க முடியும். எவற்றை வாங்கலாம்?

படலங்களின் இடைவெளி 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் 405, 532 ஆகிய இரண்டும் பெரும்பாலான தேவைகளை நிறைவேற்றும். அகன்ற இடைவெளிப் பொருள்களுக்கு ஹீலியம்-கேட்மியம் வாயு லேசரின் 325 நானோமீட்டர் வரி நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. 375 நானோமீட்டர் இருமுனைய லேசர் சிறியது, கையாள எளியது. ஆனால் அதன் 3.31 எலக்ட்ரான் வோல்ட் காலியம் நைட்ரைடுக்குப் போதாது, துத்தநாக ஆக்சைடுக்கோ விளிம்பிலேயே நிற்கும். வாயு லேசருக்கு மாற்றாக அதை வாங்கிவிட்டு வருந்த வேண்டாம். அலுமினியம் நைட்ரைடுக்கு 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் தேவை; 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர் போன்ற தனி ஏற்பாடு இல்லாமல் அதன் விளிம்பு ஒளிர்வைப் பார்க்க இயலாது.

செனான் விளக்கும் ஒற்றைநிறமாக்கியும் கொண்ட அமைப்பு லேசரைவிடப் பன்மடங்கு மங்கலானது, ஆனால் அலைநீளத்தை விருப்பம்போல் நகர்த்தலாம். உமிழ்வை ஓர் இடத்தில் நிறுத்திவைத்து, கிளர்வூட்டும் அலைநீளத்தை நகர்த்திக்கொண்டே அந்த உமிழ்வின் செறிவைப் பதிவு செய்தால், அது எந்த அடுக்கின், எந்த நிலையின் உட்கவர்தலால் ஊட்டப்படுகிறது என்பது நேரடியாகத் தெரியும். முன்பின் அறியாத புதிய படலத்துக்கு நான் முதலில் செய்ய விரும்பும் அளவீடு இதுவே. லேசரை அதன் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

இடைவெளிக்குக் கீழான ஆற்றலில் கிளர்வூட்டுவதால் பயன் உண்டா?

உண்டு. குறைபாட்டு நிலைகளை மட்டும் நேரடியாகக் கிளர்வூட்டலாம். பட்டை விளிம்பின் பலத்த ஒளிர்வு குறுக்கே வராது. ஒளி அடித்தளம்வரை போகும் என்பதால் வெற்று அடித்தள அளவீடு இங்கே கட்டாயம்.

கிரையோஸ்டாட் (மாதிரியைக் குளிர்விக்கும் கலம்), நுண்ணோக்கி போன்றவை தேர்வைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ்களும் நுண்ணோக்கிப் பொருளருகு வில்லைகளும் 350 நானோமீட்டருக்குக் கீழ் ஒளியைக் கணிசமாக விழுங்குவதோடு தாமே ஒளிரவும் செய்யும். 325-க்கு உருக்கிய சிலிக்கா வில்லையோ, ஆடிகளால் ஆன பொருளருகு அமைப்போ வேண்டும். கிரையோஸ்டாட்டின் சன்னல் எதனால் ஆனது என்று பாருங்கள்: அது சபையராக இருந்தால், மேலே சொன்ன 694 நானோமீட்டர் வரி படலத்தின் அடித்தளம் சிலிக்காவாக இருக்கும்போதும் தோன்றக்கூடும்.